கேசட்டில் இரண்டு பெண்கள்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? மழையில் சாய்ந்த தொலைபேசிக் கம்பங்களை இங்கே இன்னும் நிமிர்த்தவில்லை. இனிமேல் எல்லாம் கடிதம்தான். வாரம் ஒரு முறை ஜீப் வருகிறது. அரிசி, வாழைப்பழம், தபால் என்ற வரிசையில் இறக்குவார்கள். வாழைப்பழம் எங்களுக்கு அல்ல.

இங்கே என்ன வேலை என்று நீங்கள் ஒரு தடவை கேட்டீர்கள். அன்றைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. குரங்குகளை வீடியோ எடுக்கிறோம். ஒலியை நிறுத்திவிட்டு நான் முகத்தை மட்டும் பார்ப்பேன். உதடு பின்னால் இழுபட்டதா, முன்னால் குவிந்ததா, புருவம் ஏறியதா என்று குறிப்பேன். இன்னொரு அம்மா படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு, குரல் ஏறியதா இறங்கியதா என்று குறிப்பார். முன்பு தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவர். இங்கே எனக்குப் பெயர் கண், அவருக்குப் பெயர் காது. இருவரும் குறித்து முடிக்கும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

பிறகு இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், முகமும் குரலும் ஒரே கயிற்றில் கட்டியதுபோலப் போகின்றன. மிரட்டுகிற குரங்கு வாயை வட்டமாக்கி முன்னால் தள்ளும். குரல் கனக்கும், ஆளும் பெரிதாகத் தெரியும். பயந்த குரங்கு உதட்டைக் காதுவரை இழுத்துப் பல்லைக் காட்டும். குரல் மெலிந்து மேலே போகும். ‘நான் ரொம்பச் சின்னவள், என்னை ஒன்றும் செய்யாதே’ என்று அர்த்தம். பார்க்க வருகிறவர்கள், “ஐயோ, சிரிக்குது பாரு” என்பார்கள். எங்கள் தாளில் அதற்குச் சிரிப்பு என்று பெயர் இல்லை. இளிப்பு.

ஒரு உதவி வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மனிதக் குரலும் தேவை என்று எங்கள் தலைவர் அவரவர் வீட்டில் கேட்கச் சொல்கிறார். ‘மேசைமேல் தண்ணீர் இருக்கிறது’ என்று சாதாரணமாக, சந்தோஷமாக, கோபமாகச் சொல்லி, நீங்களும் அண்ணனும் ஒரு கேசட்டில் பதிந்து அனுப்ப முடியுமா? உங்கள் குரலுக்குக் காது சொத்தையே எழுதிவைப்பார். கல்யாணமான புதிதில் நீங்கள் தொலைபேசியை எடுத்ததும், அந்தக் கனத்த குரலைக் கேட்டு நான், “சார், டாக்டர் இருக்காரா?” என்று கேட்டேனே.

அன்புடன்,
வாலு


ஜனவரி 29

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கண்டு அளவில்லாத மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைத்தான் எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உன் அண்ணன் கடிதத்தைப் பிரித்துக் கிளினிக்கில் சத்தமாகப் படித்துக் காட்டினார். பல் பிடுங்க வந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

எனக்குப் பொழுது நன்றாகப் போகிறது. மேலே வீடு, கீழே கிளினிக். உள்ளேயே படி இருப்பதால் தெருவில் கால் வைக்க வேண்டிய தேவையே இல்லை. வெயில் மழை எதுவும் தெரியாது. எவ்வளவு வசதி பார். காய்கறி, மருந்து, எனக்குச் செருப்பு உட்பட எல்லாம் உன் அண்ணனே வாங்கிவந்துவிடுகிறார். காலையில் சமையல், பிறகு கீழே வரவேற்பு மேசை. தொலைபேசியைச் சிரித்துக்கொண்டே எடுக்க வேண்டும், சிரிப்பு மறுமுனையில் கேட்கும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். சிரிக்கிறேனா என்று நானே பார்த்துக்கொள்ள மேசையில் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்திருக்கிறார். முதலில் கஷ்டமாக இருந்தது. இப்போது தானாக வந்துவிடுகிறது. தூக்கத்திலும் முகம் அப்படியே இருக்கிறதாம்.

கேசட் கட்டாயம் அனுப்புகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள். அந்தக் குரங்குகள் தனியாக இருக்கும்போதும் இளிக்குமா?

அன்புடன்,
அண்ணி

வாலு, வாலில்லாதவர்களோடு ஒத்துப்போகாமல்தானே அங்கே போனாய்? பல்லைக் காட்டினால் பயம் என்றால் என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் சரியாகத்தான் செய்கிறார்கள். உன் அண்ணி கடிதத்தை என்னிடம் காட்டிவிட்டு, அந்தக் கடைசிக் கேள்வியைப் பிறகு சேர்த்திருக்கிறாள். பரவாயில்லை, விட்டுவிட்டேன். — அண்ணன்


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் இருவர் நலமும் அறிந்தேன். எனக்கு லேசான சளி, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: தனியாக இருந்தால் இளிக்காது. உதடு தளர்ந்து, கீழ்த்தாடை தொங்கி, பார்க்கவே வேறு குரங்குபோல இருக்கும். ஆனால் பெரியது கண்ணெதிரே இருக்க வேண்டும் என்றில்லை. இங்கே ஒரு பெட்டைக் குரங்கு, பக்கத்துக் கூண்டின் தாழ்ப்பாள் ஓசை கேட்டாலே உதட்டை இழுத்துக்கொள்ளும்.

நீங்கள் வெளியே எங்காவது போனதாக எழுதி ரொம்ப நாளாயிற்று. பேருந்து நிலையத்தில் உங்களோடு அறிவிப்பு வேலை பார்த்தவர்களை எல்லாம் பார்ப்பதுண்டா? அண்ணனிடம் சொல்லுங்கள், வாலில்லாதவர்கள்தான் என்னோடு ஒத்துப்போகவில்லை.

அன்புடன்,
வாலு


மார்ச் 22

வாலு,

பிழைத்துக் கிடக்கிறோம். நீயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். உன் அண்ணிக்கு வேலை அதிகம், அதனால் நான் எழுதுகிறேன். வெளியே போனீர்களா, பழைய ஆட்களைப் பார்த்தீர்களா என்றெல்லாம் கேட்டு அவளைக் குழப்பாதே. உன் கடிதத்துக்குப் பிறகு ஒரு வாரம் முகமே சரியில்லை. அவளுக்கு இங்கே என்ன குறை?

கேசட் இத்துடன் வருகிறது. என் கோபம் ஒரே தடவையில் வந்துவிட்டது. அந்தக் காது அம்மாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல். உன் அண்ணிக்குத்தான் கோபம் வரவே இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். எப்படிச் சொன்னாலும் பாட்டுமாதிரி வருகிறது. “கோவமா சொல்லுடி, கழுத்தையா நெரிச்சிடப்போறேன்?” என்றுகூடக் கேட்டேன். சிரித்துவிட்டாள். கோபமே வராத பெண்டாட்டி. நான் கொடுத்துவைத்தவன்.

நடுவில் கீழே யாரோ மணியடித்தார்கள். போய் அனுப்பிவிட்டு வந்து ரெக்கார்டரை நிறுத்தினேன். போட்டுக் கேட்க நேரமில்லை, அப்படியே அனுப்புகிறேன். சளி விட்டதா? வெந்நீர் குடி.

அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள கண்ணுக்கு,

ஓய்வுக்கு வந்த மகள் வீட்டில் என் கால் மூட்டைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியமாக இருக்கின்றன. ஆகஸ்டுவரை படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்தக் கூட்டத்துக்குப் போட்டு மீந்ததைத் தின்கிறாயா?

நீ தபாலில் அனுப்பிய வீட்டுக் கேசட்டுகளைக் கேட்டு முடித்துவிட்டேன். தாளும் கேசட்டுகளும் இத்துடன் இருக்கின்றன. அந்தப் பச்சை உறைக் கேசட்டில் ‘ஆண் ஒருவர், பெண் ஒருவர்’ என்று எழுதியிருந்தாய். தவறு. பெண்கள் இரண்டு பேர்.

ஒன்று சின்னப் பெண். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கலாம். சாதாரணம், சந்தோஷம், கோபம் எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். நான் எல்லாவற்றையும் இளிப்பு என்ற கட்டத்தில் போட்டுவிட்டேன். மனிதர்களுக்கு அந்தக் கட்டம் கிடையாது என்று தலைவர் சொல்வார். வேறு எந்தக் கட்டம் என்று அவரே கேட்டுச் சொல்லட்டும்.

பிறகு ஒரு மணி. அந்த ஆள் படியிறங்குகிறார். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். அதற்கப்புறம் இரண்டாவது பெண், வயது நாற்பதுக்குக் குறையாது, ‘மேசைமேல் தண்ணீர் இருக்கிறது’ என்கிறாள். ஒரே ஒரு தடவை. கத்தவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்து நிற்கிறது அந்தக் குரல். கேசட் முழுவதிலும் கோபம் என்று நான் போட்டது அந்த ஒன்றைத்தான். அந்த ஆள் கத்தியது வெறும் சத்தம். திரும்பப் படியில் காலடி கேட்கிறது. உடனே அந்தச் சின்னப் பெண் சிரிக்கிறாள்.

யார் கண்ணு அந்தக் குழந்தை? யாராவது போய் அவளைப் பார்க்க வேண்டும்.

உன்,
காது


ஏப்ரல் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூட்டு குணமாகட்டும். நான் சாப்பிடுகிறேன்.

குழந்தை யாரும் இல்லை. இரண்டு குரலும் ஒருவருடையதுதான். என் அண்ணி. அந்த ஆள் என் அண்ணன். முப்பது வருடம் காதால் பிழைத்த நீங்களே இரண்டு பேர் என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, கேசட்டை நானும் போட்டுக் கேட்டேன். நீங்கள் தவறு செய்யவில்லை.

அண்ணனைக் கெட்டவன் என்று எழுதக் கை வரவில்லை. எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவருவான். “விடுண்ணா” என்றால், “விழுந்துடுவ” என்பான். கடைசிவரை விடவே இல்லை. நான் இன்றைக்கும் தனியாகச் சைக்கிள் ஓட்டியதில்லை. இவ்வளவு தூரம் தள்ளி ஏன் வேலை தேடினேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் காடு பிடிக்கும், ஆராய்ச்சி பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யும் இல்லை. ஆனால் கேசட்டோடு அவன் அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தபோது, ‘வெந்நீர் குடி’ என்ற வரியைப் படித்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது.

அண்ணிக்கு எழுதினால் அவன்தான் பிரிப்பான். நேரில் போகலாம் என்றால், அவன் எனக்குப் பிடித்ததை எல்லாம் வாங்கிவருவான், அண்ணி சிரித்துக்கொண்டே பரிமாறுவார், நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். “வந்துடுங்க அண்ணி” என்று அங்கே வைத்துக் கேட்டால் அந்தச் சின்னப் பெண்தான் பதில் சொல்லும். அவர் இங்கே வர வேண்டும். அதுவும் அவனே அனுப்பி வர வேண்டும். அண்ணியை மறுபடி பதிவுக்கு அழைக்கும் கடிதத்தில் தலைவரிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறேன்.

அன்புடன்,
கண்


மே 10

வாலு,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கேதான் யாருக்கோ மூளைக்கு ஏதோ ஆகியிருக்கிறது. உன் தலைவரின் கடிதம் வந்தது. இரண்டாம் சுற்றுப் பதிவுக்கு உன் அண்ணியை அனுப்ப வேண்டுமாம். சத்தம் புகாத அறை வேண்டுமாம். நானும்தானே பேசினேன்? என் குரல் போதும், அவள் குரல் மட்டும் போதாதா? அதில் அப்படி என்ன கேட்டது? கேசட்டைத் திருப்பி அனுப்பு, நானும் கேட்கிறேன். அவள் இல்லாமல் கிளினிக் ஒரு நாள் ஓடாது. வேண்டுமென்றால் கருவியை இங்கே அனுப்பு, நானே பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்கிறேன்.

அண்ணன்

வாலு, எனக்கு நேரமே இல்லை, வர முடியாது. தப்பாக நினைத்துக்கொள்ளாதே. அந்தக் கேசட் சரியாகப் பதியவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடு. — அண்ணி


மே 24

என் அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா? மருந்தெல்லாம் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எனக்கு இங்கே உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

திட்டாதே அண்ணா. கேசட் இல்லை. மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். ஒரு குட்டி தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. நாடா முழுக்கக் கிளையில் தோரணமாகத் தொங்குகிறது. நல்ல வேளை, உன் குரலை மட்டும் ஏற்கெனவே அளந்து முடித்துவிட்டோம். இவ்வளவு தெளிவான குரல் இதுவரை வந்ததில்லை என்று தலைவரே சொன்னார். அண்ணியுடையதுதான் போய்விட்டது. பழி என் தலையில். நான் எப்போதும் இப்படித்தான் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து நான் உடைத்ததை எல்லாம் நீதானே ஒட்டவைத்துக் கொடுத்திருக்கிறாய்.

நீ சொன்னால்தான் அண்ணி கிளம்புவார். நீ சொல்லாமல் அவர் எங்கே வரப்போகிறார்? இரண்டே வாரம். நீ பெரிய மனது பண்ணினால் உன் தங்கச்சிக்கு வேலை நிலைக்கும். இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கே வந்து, வரவேற்பு மேசையில் நானும் ஒரு நாற்காலி போட்டுக்கொள்கிறேன்.

உன்,
வாலு


ஜூன் 19

வாலு,

சௌக்கியம். அழாதே. நீ திருந்தவே மாட்டாய் என்று அன்றைக்கே சொன்னேன். குரங்கிடம் கேசட்டைக் கொடுத்த ஆராய்ச்சியாளரை உலகத்திலேயே நான்தான் தங்கையாகப் பெற்றிருக்கிறேன்.

போகட்டும். உன் அண்ணியை அனுப்புகிறேன். முதலில் வரமாட்டேன் என்றாள், நான்தான் சமாதானம் செய்து சம்மதிக்கவைத்தேன். ஜூலையில் வரும் முதல் ஜீப்பில் ஏற்றிவிடுவேன். இரண்டு வாரம், ஒரு நாள் கூடக் கூடாது. தனியாக எங்கும் விடாதே, அவளுக்கு வழி தெரியாது. யார் என்ன கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுகிற சுபாவம்.

அண்ணன்


ஜூலை 21

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூட்டு இப்போது மடங்குகிறதா? இங்கே நான் நலம். அண்ணி நலமா என்று கேட்டால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

வந்து இரண்டு வாரம் முடிந்துவிட்டது. இறங்கியபோது ஓட்டுநர், நான், வாசலில் படுத்திருந்த நாய் என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். தண்ணீர் குடிக்க, ஜன்னலைத் திறக்க, எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டார், அந்தச் சின்னக் குரலில். கேசட் என்னிடம்தான் பத்திரமாக இருக்கிறது, அதைக் கேட்டேன் என்று சொன்னேன். “என்ன கேட்டுச்சு?” என்றார். சொன்னேன். கையைப் பிசைந்துகொண்டு, “அவருக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

உங்கள் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒலியைக் கேட்டுக் குறிக்கிறார். தப்பே வருவதில்லை. எந்தக் குரங்கு எப்போது பயப்படப்போகிறது என்று அது கத்துவதற்கு முன்பே, மூச்சை வைத்தே சொல்லிவிடுகிறார். பத்தாம் நாள் ஒரு பெரிய ஆண் கம்பியை உலுக்கியபோது, “போடா அந்தப் பக்கம்” என்றார். அறை அதிர்ந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த ஒலியைக் குறிக்கத் தொடங்கினார்.

அண்ணனுக்கு நான் எழுதிய கடிதத்தை நினைத்தால் கூசுகிறது. தாள் முழுக்க இளித்திருக்கிறேன். அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்னும் கூசுகிறது. ‘வேலை முடியவில்லை, இன்னும் இரண்டு வாரம்’ என்று எழுதிப் போட்டேன். இன்றைய ஜீப்பில் அண்ணி பெயருக்கு அவனிடமிருந்து கனமான உறை வந்திருக்கிறது. கொடுத்துவிட்டேன். நானும் பிரித்துப் பார்த்திருந்தால் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

அன்புடன்,
கண்


ஜூலை 16

என் தங்கமே,

எப்படி இருக்கிறாய்? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நான் நன்றாக இல்லை. நீ போன பிறகு வீட்டில் விளக்குப் போடவே மனம் வரவில்லை. கீழே தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. நேற்று உன் நாற்காலியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைமாதிரி அழுதேன். நான் உன்னை என்ன குறையாக நடத்தினேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஏதாவது இருந்தால் சொல், காலில் விழுகிறேன். உன்னைக் கேட்காமல் இனி எதுவும் செய்யமாட்டேன். மேசையில் இருந்த கண்ணாடியைக்கூட எடுத்துவிட்டேன். வாலு எழுதுவதை நான் நம்பவில்லை. ஆனால் கோபம் இல்லை. எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. நீ இல்லாமல் நான் ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஜீப்பில் வந்துவிடு. வராவிட்டால் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன்,
நான்


ஜூலை 28

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

படித்ததும் நான் என்ன செய்தேன் என்று எழுதிவிடுகிறேன். அழுதேன். பெட்டியைக் கட்டினேன். வாலு தடுக்கவில்லை. புடவைகளை மடித்துக்கொடுத்துவிட்டு, கூடவே ஜீப்வரை வந்தாள். ஓட்டுநர் பெட்டியை வாங்கி மேலே வைத்தார். “என்னம்மா, ஊருக்குக் கிளம்பியாச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உதடு தானாக இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டது. நீங்கள் அங்கே இல்லை. உங்கள் காலடி கேட்கவில்லை. எத்தனையோ ஊர் தள்ளி இருந்தீர்கள். ஆனாலும் இழுத்துக்கொண்டது.

வாயை மூடிக்கொண்டு அது தளரும்வரை நின்றேன். ஓட்டுநர் அவசரப்படுத்தவில்லை. பிறகு, “இல்லை, பெட்டியை இறக்கிடுங்க” என்றேன். இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நீங்கள் அழுதது உண்மையாகத்தான் இருக்கும். அதைப் படித்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது, இப்போதும். ஆனால் நான் அங்கே இருந்தபோது நீங்கள் ஒரு நாளும் அந்தக் குரலில் என்னிடம் பேசியதில்லை. நான் திரும்பி வந்து படி ஏறினால் அது எத்தனை நாள் இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது.

நான் வரவில்லை. இங்கே எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். வாலுவைத் திட்டி எழுத வேண்டாம். பெட்டியை இறக்கச் சொன்னது நான்.

இன்னொன்று. நேரில் வந்து கூட்டிப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வராதீர்கள். நீங்கள் வந்து வாசலில் நின்று, “கிளம்பு” என்றால் நான் சிரிப்பேன். சரி என்றும் சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அந்தச் சரியை எடுத்துக்கொண்டு என்னைக் கூட்டிப்போய்விடாதீர்கள். என் பதில் இந்தத் தாளில் இருப்பதுதான்.